தோட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

ஜிசிஎஸ்இ புவியியல் எடுத்தவர்களுக்கு அந்த வரைபடம் ஞாபகம் இருக்கும். மூன்று கோடுகள். மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுப்பது முதலாம்நிலை உற்பத்தி. எடுத்ததைத் தொழிற்சாலையில் பொருளாக்குவது இரண்டாம்நிலை. விற்பது, ஏற்றி இறக்குவது, கணக்குப் பார்ப்பது, படிப்பிப்பது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் மூன்றாம்நிலை. நாடு வளர வளர முதலாவது கோடு கீழே இறங்கும், மூன்றாவது மேலே ஏறும். இதற்குப் பெயர் கொடுத்த இரண்டு பேரில் கொலின் கிளார்க் லண்டனில் பிறந்தவர். அவருடைய புத்தகம் 1940இல் வந்தது. மற்றவர் நியூசிலாந்துக்காரர், அலன் ஃபிஷர். பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

எனக்கு இந்த வரைபடத்தோடு ஒரு சண்டை இருக்கிறது. கணக்குப் பிழை என்று சொல்லவில்லை. பிரித்தானியப் பொருளாதாரத்தில் ஐந்தில் நாலு பங்கு இன்று சேவைத்துறைதான். விவசாயம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கோடுகள் சரியாகத்தான் போகின்றன. ஆனால் எங்கள் வீடுகளில் அந்தக் கோடுகளை ஏணியாக வாசிக்கிறோம். அப்பப்பா வெங்காயம் நட்டார், அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தார், மகள் கணக்காளர். மூன்று தலைமுறையில் ஏறிவிட்டோமாம். கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிற மாமாமார் எல்லோரும் சொல்லுகிற கதை இதுதான்.

அந்தக் கதையில் அப்பாவும் மகளும் நிற்பது ஒரே படியில் என்பதை யாரும் கவனிப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பெற்றோல் ஸ்ரேசன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதும் மூன்றாம்நிலை, சிற்றியில் முதலீட்டு வங்கியில் இருப்பதும் மூன்றாம்நிலை. ஆகவே எந்த நிலை என்பது சம்பளத்தைச் சொல்லாது, மரியாதையையும் சொல்லாது. யார் எதற்குச் சொந்தக்காரர், விலையை யார் தீர்மானிக்கிறார் என்பவைதான் சொல்லும். அந்த இரண்டும் வரைபடத்தில் இல்லை.

உதாரணத்துக்குத் தூரம் போகவேண்டாம். அம்மா போடுகிற தேத்தண்ணியை எடுங்கள்.

உங்களில் பலரைப் போல என் குடும்பமும் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் 'தோட்டம்' என்றால் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை. சொந்தக் காணி, சொந்தக் கிணறு. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பிறந்த ஒரு தமிழருக்கு 'தோட்டம்' என்றால் கம்பனியின் தேயிலை எஸ்டேட். அங்கே குடியிருக்கிற லயக் காம்பராகூட அவருக்குச் சொந்தமில்லை. ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு பேரும் முதலாம்நிலை உற்பத்தியாளர். ஒருவருடைய பேரப்பிள்ளை லண்டனில் புளொக் எழுதுகிறது. மற்றவருடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்னும் அதே லயத்தில் இருக்கிறார்கள்.

கொழுந்து பறிப்பது 'திறமை தேவையில்லாத வேலை' என்று பாடப் புத்தகம் சொன்னால் நம்பாதீர்கள். செங்குத்தான மலையில், மழையில், அட்டை கடிக்க நின்றுகொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் பார்த்துக் கிள்ளவேண்டும். முற்றிய இலை சேர்ந்தால் தேயிலையின் தரம் போய்விடும். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்கவேண்டும். குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் சம்பளம்.

அந்தப் பச்சைக் கொழுந்து அன்றைக்கே தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் போகும். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூட்டில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிப்பார்கள். இரண்டாம்நிலை, அதே மலையில். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. அப்படியென்றால் 18 கிலோவுக்கு நாலு கிலோ. பை ஒன்றுக்கு மூன்று கிராம் என்று பிரித்தால் 1,300 பைகளுக்கு மேல் வரும். ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல வருடங்கள் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அன்றைய கணக்கில் நாலு பவுணுக்கும் குறைவு. அந்தக் காசுக்கு மத்திய லண்டன் கபேயில் ஒரு தேநீர் குடிக்கலாம், கேக் கிடைக்காது.

மீதிக் காசு எங்கே போனது என்று தெரியவேண்டுமானால் ஃபென்சர்ச் ஸ்ரீற்றுக்குப் பக்கத்தில் உள்ள மின்சிங் லேனுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். லண்டன் தேயிலை ஏலம் 1679இல் கிழக்கிந்தியக் கம்பனியோடு தொடங்கியது. பிறகு இந்தத் தெருதான் உலகத் தேயிலை வியாபாரத்தின் நடுவீடு. 1950களில் உலகத் தேயிலையில் மூன்றில் ஒரு பங்கு லண்டன் ஏலத்தில் கைமாறியது. ஏலம் நடந்த கட்டடங்களில் ஒன்றுக்கு 'பிளான்ரேசன் ஹவுஸ்' என்றே பெயர். அந்த அறைகளில் ஒரு செடிகூட இல்லை. ருசி பார்ப்பவர், தரகர், எழுதுவினைஞர், எல்லாம் சுத்தமான மூன்றாம்நிலை. கடைசி ஏலம் 1998 ஜூன் 29. கொழும்பிலும் மொம்பாசாவிலும் ஏலங்கள் பெரிதாகிவிட்டன, லண்டன் தேவைப்படவில்லை. ஆற்றங்கரையில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கிய பட்லர்ஸ் வார்ஃப் இன்று விலை கூடிய வீடுகளும் உணவகங்களும்.

தோமஸ் லிப்டன் இந்த விளையாட்டை எல்லோருக்கும் முதல் விளங்கிக்கொண்டவர் என்பது என் அபிப்பிராயம். ஏற்கெனவே பிரித்தானியா முழுதும் கடைகள் வைத்திருந்த மனிதர். 1890இல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்களை வாங்கினார். காணி, தொழிற்சாலை, கடை மூன்றும் ஒரே கையில். ஆனால் அவர் விட்டுப்போன பெரிய சொத்து காணி அல்ல, பெயர். யூனிலீவர் 2021இல் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை 4.5 பில்லியன் யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. வாங்கியவர்கள் அதில் முக்கியமாக வாங்கியது லிப்டன், பிஜி டிப்ஸ் போன்ற பெயர்களை. அந்தக் கம்பனி 2024இல் தன் கிழக்கு ஆபிரிக்கத் தோட்டங்களை இலங்கையின் பிறவுண்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தது. பெயரை வைத்துக்கொண்டு மண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் லாபம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்படியானால் பையில் போடுவதையும் பெயர் வைப்பதையும் இலங்கைக்கே கொண்டுபோனால் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். மெரில் பெர்னாண்டோ அதைத்தான் செய்தார். 1985இல் அவுஸ்திரேலியாவில் 'டில்மா'வை அறிமுகப்படுத்தினார், விளைந்த நாட்டிலேயே பக்கற் செய்து. இலங்கையில் பக்கற் செய்த கலப்பில்லாத சிலோன் தேயிலைக்குச் சிங்க முத்திரையும் இருக்கிறது. (வாள் பிடித்த சிங்கத்தைப் பார்த்ததும் எங்கள் வீடுகளில் வேறு நினைவுதான் வரும். ஒரு நிமிடம் அதை ஒதுக்கிவையுங்கள்.) நாட்டுக்கு நல்லது, மறுக்கவில்லை. கொழும்பு ஏலம்கூட 1883இலிருந்து நடக்கிறது. மேல்படி பக்கத்திலேயே இருந்தும் கீழ்ப்படியின் சம்பளம் தானாக ஏறவில்லை.

ஏன் என்றால் பேரம் பேசுவதற்கு முதலில் குடிமகனாக இருக்கவேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை முடிய 2003 வரை ஆனது. வாக்கு இல்லாதவருக்குச் சம்பளம் கூட்ட எந்த அரசியல்வாதி வருவார்? 1948இன் அமைச்சரவையில் யாழ்ப்பாணத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். தமிழரசுக் கட்சி பிரிந்து உருவானதற்கு இது ஒரு காரணம்.

எங்களுடைய பங்கு அதோடு முடியவில்லை. 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை நான் லண்டனில், தமிழ் வீடுகளில், பகிடியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிறவெறி பற்றி மேடையில் பேசுகிற அதே வாய்கள். ஏணிக் கதையை நம்பினால் இந்தச் சொல் சுலபமாக வரும்: கீழே நிற்பவர் ஏறத் தெரியாதவர் என்றாகிவிடும். நாங்கள் ஏறியதற்குச் சொந்தக் காணியும் பள்ளிக்கூடமும் அடகு வைக்க நகையும் உதவின. பிறகு யுத்தம் துரத்தியது. அவர்களுக்கு அடகு வைக்க என்ன இருந்தது?

முதலாம்நிலை என்றாலே வறுமை என்றும் இல்லை. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இன்று வருவது பெரிய எஸ்டேட்களிலிருந்து அல்ல. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் சின்னத் துண்டுக் காணி வைத்திருப்பவர்களிடமிருந்து. அவர்கள் பணக்காரர் இல்லை. ஆனாலும் செடி அவர்களுடையது, கொழுந்தை விற்பவரும் அவர்களே.

1823இல் முதல் தொழிலாளர்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, 2023 ஜூலையிலும் ஓகஸ்டிலும் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் கப்பலால் இறங்கி, காட்டுவழியாக நடந்துபோன பாதை அது. அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, வீடு இருந்தது. காணியும் இருந்தது.