வெந்த உடலுக்கு மருத்துவமனை, வெந்த உள்ளத்துக்கு?

முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5. அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12. ரெங்கபாளையம், 2023 அக்டோபர் 17. சின்னக்காமன்பட்டி, 2025 ஜூலை 1.

தோழர்களே! இவை திருவிழா நாட்கள் அல்ல. நம் கரிசல் மண்ணின் கருப்பு நாட்கள். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாட, தன் வீட்டு விளக்கை இழந்த தொழிலாளியின் நினைவு நாட்கள்!

மருந்து அறை வெடிக்கிறது. தீயணைப்பு வண்டி ஓடி வருகிறது. அதிகாரிகள் வருகிறார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. பிணத்தை வாங்கி அடக்கம் செய்கிறோம். பதினாறாம் நாள் முடிகிறது. ஊர் மீண்டும் வேலைக்குப் போகிறது. ஆனால் ஒரே ஒரு ஜீவன் மட்டும் அந்த வெடிச் சத்தத்திலேயே நின்றுவிடுகிறது. தாயைப் பறிகொடுத்த பிள்ளை அது!

எண்ணிப் பாருங்கள். பத்து வயதுச் சிறுவன். கல்யாண வீட்டில் சரவெடி கொளுத்தினால் கட்டிலுக்கடியில் பதுங்குகிறான். இரவில் அலறி எழுகிறான். பள்ளிக்குப் போக மறுக்கிறான். யாரிடமும் சொல்லாத ஒன்று அவன் நெஞ்சுக்குள் கிடந்து குடைகிறது: "பொங்கலுக்குப் புதுச்சட்டை கேட்டேனே, அதற்காகத்தானே அம்மா அன்று வேலைக்குப் போனாள்? நான்தானே அவளைக் கொன்றேன்?"

பாட்டி என்ன செய்கிறாள்? "பேய் அறைந்துவிட்டது" என்று மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டுகிறாள். பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு வேறு வழி காட்டாத நம்மைத்தான் குறை சொல்வேன்!

அது பேயுமல்ல, பிடிவாதமுமல்ல. அதற்கு "மனவடு" என்று அழகு தமிழில் பெயரிட்டார் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரைக் கண்ட மண்ணல்லவா! வடுவின் வலி தெரிந்திருந்தது.

இந்த வடுவுக்கு மருத்துவம் உண்டா? உண்டு. அமெரிக்காவில் கோஹன், மன்னரினோ, டெப்ளிங்கர் என்ற மூவர் பிள்ளைகளுக்கென்றே ஒரு முறையை வகுத்தார்கள். வாரம் ஒரு முறையாக, ஏறத்தாழ 12 முதல் 16 அமர்வுகள். "உனக்கு வந்திருப்பது பைத்தியமல்ல" என்று முதலில் விளக்குவது. பயம் வரும்போது மூச்சை அடக்கி ஆளப் பழக்குவது. பிறகு நடந்ததைச் சிறிது சிறிதாகப் பிள்ளை வாயாலேயே சொல்ல வைப்பது. "நான்தான் காரணம்" என்ற பொய்ப் பழியை அவன் தோளிலிருந்து இறக்கி வைப்பது. தகப்பனையோ பாட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது. மாயமில்லை, மந்திரமில்லை. கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்!

"இதற்கெல்லாம் பெரிய டாக்டருக்கு எங்கே போவது?" என்பீர்கள். கேளுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில், உள்ளூர்த் தமிழ் ஆசிரியர்களுக்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் பயிற்சி தந்தார்கள். போரும் கடலும் சேர்ந்து சிதைத்த 31 பிள்ளைகளை ஆறே அமர்வுகளில் அந்த ஆசிரியர்கள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு, நடந்ததைக் கதையாகச் சொல்ல வைக்கும் முறை; மறு பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள்! இலங்கைத் தமிழ் வாத்தியாரால் முடிந்தது வெம்பக்கோட்டை வாத்தியாரால் முடியாதா?

ஆனால் எச்சரிக்கை! இரண்டு நாள் முகாம், ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு சான்றிதழ் என்று பயிற்சியை முடித்தால் அது பயிற்சியல்ல, பாசாங்கு. அரைகுறைக் கை ஆறாத புண்ணைக் கிளறிவிடும். வகுப்பில் கற்றபின், மூத்தவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் பழக வேண்டும். மணிமருந்து பிசைய ஒருவனை ஒரே நாளில் விடுவோமா? பிள்ளையின் நெஞ்சு அதைவிட மென்மையானது, தோழர்களே!

"முதலில் வெடி விபத்தை நிறுத்து" என்பார் சிலர். நிறுத்தத்தான் வேண்டும். உள்குத்தகைக்கு விட்டு, அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் அடைக்கும் அக்கிரமம் ஒழியத்தான் வேண்டும். அதற்காக, ஏற்கெனவே வெடித்த வீட்டின் பிள்ளை காத்திருக்க வேண்டுமா?

விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் புத்தகத்தை விரித்தால் எரியும் கொட்டகை கண்ணில் தெரிகிற பிள்ளை எப்படிப் படிப்பான்? கட்டணம் கட்டிய கை, கண்ணீரையும் துடைக்க வேண்டாமா?

ஆகவே கேட்போம். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஆசிரியர்களையும் செவிலியரையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடு. 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மேற்பார்வை பார்க்கட்டும். விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு பிள்ளையையும் பரிசோதிக்கட்டும். தானாகத் தேறும் பிள்ளைகள் பலருண்டு. தேறாதவனுக்கு மருத்துவம் கிடைக்கட்டும். பட்டாசில் இலாபம் பார்த்தவர்கள் செலவில் பங்கு தரட்டும். கிளைத் தோழர்களே, உங்கள் ஊரில் அப்படிப் பிள்ளை இருந்தால் இன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள், ஊரே மாறியது. நெருப்பைச் செய்யக் கற்க அவ்வளவு தூரம் ஆள் அனுப்பிய ஊர் இது. அந்த நெருப்பு சுட்ட பிள்ளையை ஆற்றக் கற்க, நூறு பேரை அனுப்பாதா?