வாராக்கடன் யார் தலையில்?

‘கஸ்டமர் இன்னும் பணம் தரல சார், வந்ததும் தர்றோம்.’ ஓவியர்களிடம் கேலரிகள் சொல்லும் இந்தப் பதிலைப் பலரும் நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். என்னால் முடியவில்லை.

விற்றுத் தருவதாகப் படத்தை வாங்கி வைக்கும் கேலரி, ஓவியரின் முகவர். படம் 1 லட்சத்துக்குப் போகிறது, கமிஷன் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேலரியின் வருமானம் 40,000 ரூபாய்தான். மீதி 60,000 ஓவியருடைய காசு. வாங்கியவரிடம் பேசியது யார்? கேலரி. ‘அப்புறமா குடுங்க’ என்று படத்தைத் தூக்கிக் கொடுத்தது? அதுவும் கேலரி. பணம் வராதபோது மட்டும் நஷ்டம் ஓவியருடையதா?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 212ஆம் பிரிவில், இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. கடனுக்கு விற்க அனுமதி உள்ள முகவர், வாங்குபவரின் நிலையைச் சரியாக விசாரிக்காமல் விற்கிறார். அந்த ஆள் அப்போதே திவாலானவர். நஷ்டத்தை முகவர்தான் ஈடுகட்ட வேண்டும்.

வரிக் கணக்கிலும் ஓரவஞ்சனைதான். முன்பே வருமானமாகக் காட்டிய கமிஷனை, வராவிட்டால் வாராக்கடன் என்று எழுதித் தள்ளி, கேலரி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பணம் கைக்கு வந்த பிறகே வருமானம் எழுதுகிற ஓவியருக்கு எழுதித் தள்ளக்கூட ஒன்றும் கிடையாது. அவருடைய நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே ஓவிய நண்பர்களே, படத்தைக் கொடுக்கும் முன் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: ‘கடனுக்கு விற்றால், வசூல் கேலரியின் பொறுப்பு, ஓவியரின் பங்கு இத்தனை நாளுக்குள்.’ கையெழுத்துப் போடத் தயங்குகிற கேலரி, யார் காசில் தாராளம் காட்டுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.