பொட்டி பழசு இல்லீங்க, செய்யச் சொல்ற வேலைதான் தப்பு

"பொட்டி பழசாயிடுச்சு அங்கிள், புதுசு ஒண்ணு வாங்கிடுங்க."

சொன்னவன் நண்பர் மகன், இங்கே மஸ்கட்டில் கணினி படித்துவிட்டு வேலை பார்ப்பவன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் பி.காம். கணக்கு கேட்காமல் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கில்லை.

விஷயம் இதுதான். சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் அம்மாவுக்கு, அப்பாவின் சர்வீஸ் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு மிஞ்சியது காகிதம்தான். பி.எஃப். சீட்டு, குவார்ட்டர்ஸ் பேப்பர், சம்பள ஸ்லிப். போன லீவில் 412 பக்கங்களை ஸ்கேன் செய்து எடுத்து வந்தேன். பெயரெல்லாம் ஸ்கேன்0001, ஸ்கேன்0002 என்று ஓடும். உட்கார்ந்து பெயர் வைக்க யாருக்கு நேரம்? அடைவைத் திறந்து குட்டிப் படங்களைப் பார்த்துத்தான் தேட வேண்டும். ஆனால் பத்துப் படம் தெரிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. போனில் அம்மா, "கெடச்சுதாப்பா?"

சரி, கணக்குக்கு வருவோம். ஏ4 தாளை 600 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 4960 x 7016 புள்ளிகள், அதாவது மூன்றரைக் கோடி. புள்ளிக்கு 3 பைட் என்றால், விரித்துப் பார்க்கும்போது ஒரு தாளுக்குப் பத்துக் கோடி பைட்டுக்கு மேல். இதிலிருந்து எடுக்கப்போவது 256 புள்ளி உயரமுள்ள ஒரு குட்டிப் படம், சுமார் 46 ஆயிரம் புள்ளி. ஒரு புள்ளிக்காக 750 புள்ளியை விரிக்கிறோம்!

இத்தனைக்கும் ஜேபெக் படத்தை முழுசாக விரிக்காமல் எட்டில் ஒரு பங்கு அளவிலேயே எடுக்க வழி உண்டு, அதுவும் இன்று நேற்று வந்ததில்லை. அதைப் பயன்படுத்தாத மென்பொருளை எழுதியவர்களுக்கு அசே ஆபீசைக் காட்டியிருக்க வேண்டும். பாறையில் தங்கம் எவ்வளவு என்று பார்க்க மலையையா அரைத்தார்கள்? ஒரு சாம்பிள் எடுத்து, சோதித்து, எழுதி வைத்தார்கள்.

என் தப்பும் இருக்கிறது. டைப் அடித்த காகிதத்துக்கு 600-ம் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். 300 டிபிஐ, கறுப்பு-வெள்ளைச் சாயல் போதும். பன்னிரண்டில் ஒரு பங்கு வேலை.

இதைவிடப் பெரிய கூத்து, செய்த வேலையையே திரும்பச் செய்வது. எங்கள் வங்கியில் அந்தக் காலத்தில் மாதிரிக் கையெழுத்து அட்டை கவுண்டரிலேயே இருக்கும். ஒவ்வொரு செக்குக்கும் கணக்கு தொடங்கிய விண்ணப்பத்தைத் தேடி ரெக்கார்டு ரூமுக்கு ஓடினால் கஸ்டமர் அடிக்க வருவார். கணினியிலும் அந்த அட்டை உண்டு. எக்ஸ்பி-யில் ஒவ்வொரு அடைவிலும் தம்ப்ஸ்.டிபி, 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து பயனருக்கென்று ஒரே இடத்தில் பெட்டகம். லினக்ஸிலும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் கோப்பின் முகவரியை வைத்துத்தான் அடுக்கும். அடைவின் பெயரை மாற்றினால் அத்தனையும் முதலிலிருந்து.

அந்தப் பெட்டகத்தை என் பொட்டியில் வாரா வாரம் காலி செய்தது யார் தெரியுமா? 'வேகமாக்குறேன் அங்கிள்' என்று அதே பையன் போட்டுக் கொடுத்த சுத்தம் செய்யும் மென்பொருள் :-) விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப்பிலும் 'தம்ப்நெயில்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

போதாக்குறைக்கு, கோப்புகளை வீட்டு வைஃபையில் தொங்கும் பொது டிஸ்கில் வைத்திருந்தேன். குட்டிப் படத்துக்காக முழுக் கோப்பும் காற்றில் வர வேண்டும்.

இன்னொரு கோஷ்டி, "முன்தோற்றத்தையே அணைச்சிடுங்க" என்கிறது. ஸ்கேன்0047 என்ற பெயருக்கு அதுதானய்யா முகம்! அணைத்தால் 412-ஐயும் ஒவ்வொன்றாகத் திறக்க நீங்கள் வருவீர்களா?

ஒன்றை மட்டும் வேகக் குறைவோடு குழப்ப வேண்டாம். 2025 அக்டோபர் 14-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளை வலப்பக்க முன்னோட்டப் பலகை காட்டாது. கடவுச்சொல் விவரம் திருட்டுப் போகாமல் இருக்க அந்தப் பூட்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டில் இருந்து வந்த கோப்புதான் என்று உறுதியானால், ப்ராப்பர்ட்டீஸில் போய் அந்த ஒன்றை மட்டும் 'அன்பிளாக்' செய்துகொள்ளலாம்.

கடைசியில் நான் செய்தது: சுத்தம் செய்யும் மென்பொருளைத் தூக்கினேன், கோப்புகளைப் பொட்டியின் சொந்த டிஸ்குக்கு மாற்றினேன், ராத்திரி அடைவைத் திறந்து கடைசி வரை உருட்டிவிட்டுப் படுத்தேன். செலவு பூஜ்யம். மறுநாள் காலை திறந்ததும் 412-ம் பளிச்சென்று நின்றன. சான்றிதழ் கீழிருந்து மூன்றாவது வரிசையில். அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

அதில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது. இனி அதற்கு அலைய வேண்டும்.