தோற்றவர் வீழ்ந்தவரா?

தேர்தல் சமயம் வந்தால் விருதுநகர்க்காரனுக்கு ஒரு தண்டனை காத்திருக்கும். 'காமராஜரையே மண்ணைக் கவ்வ வைத்த ஊர்' என்று யாராவது நம்மூரை அறிமுகப்படுத்துவார்கள். அடுத்தவர், 'நன்றிகெட்ட ஊர்' என்பார்.

1967இல் நடந்தது என்ன? திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மண்ணைக் கவ்வ குப்புற விழணும். 1,285 ஓட்டில் யாருய்யா குப்புற விழுந்தது?

இங்கிலீஷில் இதற்கு அளவு பார்த்துச் சொல் உண்டு. 'டிஃபீட்' என்றால் வெறும் தோற்கடித்தல். 'ட்ரவுன்ஸ்' என்றால் நையப் புடைத்தல். நம் ஊடகங்களுக்கோ எல்லாமே 'வீழ்த்தினார்'தான். 2024இல் மாணிக்கம் தாகூர் விஜயபிரபாகரனை 4,379 வாக்கில் வென்றாலும் அதே சொல், லட்சக்கணக்கில் வென்றாலும் அதே சொல். சிவகாசியில் ஓலைவெடிக்கும் அணுகுண்டுக்கும் ஒரே லேபிள் ஒட்டினால் யாவாரம் நடக்குமா?

இன்னொன்று. 'டிஃபீட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். செய்ததைக் குலைப்பது என்பதே அதன் வேர்ப்பொருள். அப்படிப் பார்த்தால் 1967 எதைக் குலைத்தது? காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவை ஜெயித்தவர்கள் கைவிடவில்லை. எம்.ஜி.ஆர். அதை 1982இல் சத்துணவாக விரித்தார். காமராஜரும் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போய்விட்டார். போனது ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

'தோல்விக்குப் பூசி மெழுகுறீரா?' என்று கேட்கலாம். இல்லை. தோற்றார், சந்தேகமே இல்லை. இந்தித் திணிப்பின் மீது கோபம், அரிசித் தட்டுப்பாடு. ஜனங்களுக்குக் காரணம் இருந்தது. பெரிய மனுஷருக்கு எதிராக ஓட்டுப் போடுவது நன்றிகேடு அல்ல, உரிமை. வாக்குச்சீட்டை அரிவாளாக்கிப் பேசுவதால்தான் போட்டவன் துரோகியாகிறான், தோற்றவர் பிணமாகிறார். 'மண்ணைக் கவ்வ வைத்தார்கள்' என்ற கொக்கரிப்பும் 'நன்றிகெட்ட ஊர்' என்ற வசையும் ஒரே தப்பில் பிறந்த ரெட்டைப் பிள்ளைகள்.

வெண்ணிப் போரில் ஜெயித்த கரிகாலனிடமே, முதுகுப் புண்ணுக்கு வெட்கி வடக்கிருந்த உன் எதிரி உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்டார் வெண்ணிக்குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வென்றவன் முகத்துக்கு நேரே தோற்றவனை மதிக்கத் தெரிந்த மொழி இது. அந்த மொழியில் தலைப்பு எழுதுகிறவர்களே, 'தோற்றார்' என்று எழுதுங்கள். போதும்.