முதல் துப்பாக்கியும் முதற் கேள்வியும்

அமெரிக்காவில் முதன்முதலாக அரைத் தன்னியக்கத் துப்பாக்கியொன்றை வாங்கப் புறப்படுபவரிடம் கடைக்காரரும் துப்பாக்கிச் சஞ்சிகைகளும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுண்டு. "பிஸ்டனா, நேரடி வாயுவா?" என்பதே அது. பிஸ்டன் உள்ளதை வாங்கினால் உட்புறத்தில் கரி படியாது, சிக்காது, ஆபத்து வேளையில் கைவிடாது. மற்றையதை நம்பியவன் கெட்டான் என்பது புதியவருக்கு அவர்கள் சொல்லும் புத்திமதி. இப்புத்திமதியிற் பாதி பொறியியல், மீதி வியாபாரம். அதைவிடப் பெரிய குற்றம், முதலில் கேட்கவேண்டிய கேள்வியை அது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதே.

விடயம் அறியாதோருக்காகச் சுருங்கச் சொல்வோம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வேட்டு. வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்த ரவையை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். அரைத் தன்னியக்கம் என்பது இதுவே. அதற்கான வலு, சுடுகுழலிலிருந்து எடுக்கப்படும் வெடிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஏ.ஆர்.-15 வகையில் அவ்வாயு மெல்லிய குழாயொன்றின் வழியே பின்னோக்கி வந்து பொறியை நேரே தள்ளுகிறது. மற்ற வகையில் அது ஒரு தண்டைத் தள்ள, தண்டு பொறியைத் தள்ளுகிறது. இலங்கையில் பௌதிகம் படித்தோர் முசலம் என்று அறிந்த பிஸ்டன் அதுதான். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் நாம் கண்டு பழகிய ரி-56, பிஸ்டன் வகையான ஏ.கே.யின் சீன வார்ப்பே. இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், ஏ.ஆர்.-15ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் 1956இல் விண்ணப்பித்த காப்புரிமையின்படி, அப்பொறியின் உள்ளே இருக்கும் போல்ட்டே பிஸ்டனாகத் தொழிற்படுகிறது. ஆக, பிஸ்டன் இல்லாத துப்பாக்கி என்ற பேச்சே பாதிப் பொய்.

பிஸ்டன் பக்தர்கள் எப்போதும் சாட்சிக்கு அழைப்பது வியட்நாமை. 1960களின் நடுப்பகுதியில் எம்-16 துப்பாக்கிகள் சண்டையின் நடுவே சிக்கி நின்றதும், அவற்றைக் கையில் ஏந்தியவாறே அமெரிக்கச் சிப்பாய்கள் மடிந்ததும் உண்மை. ஆனால், காரணம் என்ன? 1967இல் அமெரிக்கக் கொங்கிரசின் இக்கோர்ட் உபகுழு இதனை விசாரித்தது. ரவைக்குள் இடும் வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டிருந்தது. புதிய மருந்து கூடுதலான அழுக்கை விட்டதோடு, துப்பாக்கியை உரிய வேகத்துக்கு மேலாக ஓடவும் வைத்தது. ரவை தங்கும் அறைக்குக் குரோமியப் பூச்சு இருக்கவில்லை. துப்புரவுக் கருவிகள் போதியளவு வழங்கப்படவில்லை. ரவையின் குறைபாடு தெரிந்தும் திருத்த முற்படாத அதிகாரிகளின் போக்கு குற்றவியல் அலட்சியத்தை அண்மித்தது என்று அக்குழு கண்டித்தது. இக்குறைகள் நீக்கப்பட்ட பின்னர், அதே நேரடி வாயு முறையுடன் எம்-16உம் அதன் வழிவந்த எம்-4உம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த இராணுவத்தின் கையில் நிலைத்தன. தவறு வாயுக் குழாயில் இருக்கவில்லை. அதிகாரிகளின் கோப்புகளில் இருந்தது.

அப்படியானால் இராணுவங்கள் ஏன் பிஸ்டனை நாடுகின்றன என்று கேட்பர். நியாயமான கேள்வியே. பிரான்ஸ் 2016இல் எச்.கே.-416ஐத் தெரிவுசெய்தது. அமெரிக்க இராணுவம் 2022இல் தெரிவுசெய்த சிக் சவர் நிறுவனத்தின் துப்பாக்கியும் பிஸ்டன் வகையே. ஆனால், குறுகிய குழல், ஒலியடக்கி, தொடர்வேட்டு, தண்ணீரிலிருந்து எழுந்தவுடன் சுடவேண்டிய நிலை ஆகியவை சிப்பாயின் தேவைகள். சனிக்கிழமை காலையில் காகித இலக்கை நோக்கி ஒவ்வொரு வேட்டாகச் சுடுபவருக்கு இவற்றில் எது வேண்டும்? ஏ.ஆர். உருவத்தில் பிஸ்டன் பொருத்தியதை வாங்குபவர் பெரும்பாலும் கூடுதல் விலை கொடுக்கிறார்; முன்பாரத்தைச் சுமக்கிறார்; ஒரு நிறுவனத்தின் பிஸ்டன் உறுப்பு மற்றதற்குப் பொருந்தாமையால் அந்நிறுவனத்தையே நம்பியும் இருக்கிறார். அந்த மேலதிகப் பணத்துக்கு ரவையும் முறையான பயிற்சியும் வாங்கலாம்.

நிற்க. பொறியின் வகை எதனையும் தீர்மானிக்காது என்பதற்கு இதனிலும் கசப்பான சான்று உண்டு. 1989 டிசம்பர் 6இல் மொன்றியல் பொறியியற் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்தது, பிஸ்டன் வகையைச் சேர்ந்த ருகர் மினி-14. 2012 டிசம்பர் 14இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளையும் 6 பணியாளரையும் கொன்றவன் பயன்படுத்தியது நேரடி வாயு வகை. இரண்டாவது துப்பாக்கியை அவனுடைய தாயார் சட்டப்படி வாங்கியிருந்தார். அன்று காலை முதலிற் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அத்தாயாரே. அவர் எந்த வகையை வாங்கியிருந்தால் என்ன? அந்த வீட்டில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, அது யாருடைய கைக்கு எட்டும் என்பதன்றோ?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் இறப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள். வீட்டிற் காவலுக்கென வைக்கப்படும் துப்பாக்கி, கள்வனைக் காணுமுன் அவ்வீட்டிலுள்ள மனமுடைந்த இளைஞனைக் காண்கிறது. பிஸ்டனின் நம்பகத்தன்மை குறித்துப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இதுபற்றி ஒரு பந்தியேனும் எழுதக்கூடாதா?

அங்கு வாழும் நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்போர் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விலக்குகளே உள்ளன. கலிபோர்னியா, நியூயோர்க், இல்லினோய், வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றின் விற்பனையைத் தடுத்துள்ளன. எல்லை தாண்டினால் கனடா 2020இல் ஏறத்தாழ 1,500 ரகங்களைத் தடைசெய்தது; மினி-14உம் அவற்றுள் ஒன்று. அவுஸ்திரேலியா 1996இலும் நியூசிலாந்து 2019இலும் படுகொலைகளின் பின்னர் இவ்வழி சென்றன. பொறியின் வகையை ஆராய்பவர், தாம் நிற்கும் மண்ணின் சட்டத்தை ஆராயாது விடுவது பேதைமை.

ஆகவே, வாங்கியே தீருவேன் என்பவரிடம் நாம் கேட்பவை நான்கே. எதற்காக? யாரிடம் பழகப் போகிறீர்? உமது வதிவிட நிலைக்கும் மாநிலத்துக்கும் சட்டம் இடமளிக்கிறதா? இரவில் அது எந்தப் பூட்டுக்குள் உறங்கும், திறப்பு யார் கையில்? இந்நான்கிற்கும் விடை உள்ளவர் பிஸ்டனையோ மற்றையதையோ எடுத்துக்கொள்ளட்டும், வேறுபாடு சொற்பமே. விடை இல்லாதவர் இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பட்டும். துப்பாக்கிகளுக்கு நடுவே மூன்று தசாப்தங்கள் வாழ்ந்த ஒரு நாட்டிலிருந்து இதைச் சொல்கிறோம். இங்கே எந்தத் தாயும் தன் பிள்ளையைச் சுட்ட துப்பாக்கிக்குப் பிஸ்டன் இருந்ததா என்று கேட்டதில்லை.