காலில் பட்ட "சின்னக் காயம்"

கவ்வாத்து மலையில் கத்தி நழுவி முன்னங்காலில் இறங்குகிறது. மழையில் கான் ஓரம் வழுக்கி, வெட்டிய தேயிலைக் கட்டை கணுக்காலில் குத்துகிறது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் பெரட்டில் நிற்கிறோம். நிற்காவிட்டால் பேர் விழாது. சின்னக் காயந்தானே என்று துரை சொல்கிறார். நாமும் அதையே சொல்லிக்கொள்கிறோம்.

தொடையில் வெட்டுப்பட்டால் உள்ளே சதை இருக்கிறது. முன்னங்காலில் தோல் போனால் அடுத்தது எலும்பு. குதிகாலுக்கு மேலே என்றால் தசைநாண். எலும்பு வெளியே தெரிந்தபின், தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டினாலும் பிடிக்காது. வெறும் எலும்பு அந்தத் தோலுக்கு இரத்தம் கொடுக்காது. நாள் போனால் எலும்பிலேயே சீழ் வைக்கும். சீனி வியாதிக்காரருக்குக் கேட்கவே வேண்டாம்.

இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு. பக்கத்தில் உள்ள நல்ல தோலை, அடிக்கொழுப்போடும் இரத்தக் குழாயோடும், ஒரு பக்கம் காம்பு விட்டுக் கிளப்பி, காயத்தின்மேல் திருப்பித் தைக்கிறார்கள். தாய்க்கொடியை அறுக்காமல் பதியம் போடுகிறோமே, அதே கதைதான். முன்பெல்லாம் ஒரு காலின் தோலை மற்றக் காலில் தைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் கிடத்துவார்கள். 1981இல் சுவீடனின் பொன்டேனும் 1992இல் பிரான்சின் மஸ்கலேயும் எழுதிய முறைகளுக்குப் பிறகு, சிறிய காயங்களை அதே காலின் தோலாலேயே மூட முடிகிறது. (1992, நம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த வருடம். கெண்டைக்கால் தோலுக்குக் கிடைத்த முன்னேற்றம் லயத்துக்குக் கிடைக்கவில்லை.)

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. கஷ்டம் வீட்டுக்கு வந்தபின் தொடங்குகிறது. காலை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் தொங்கவிட்டால் இரத்தம் தேங்கி, வைத்த தோல் கறுத்துப்போகும். பீடி, சுருட்டு கூடாது, வெற்றிலையோடு போடும் பொயிலையும் கூடாது. கக்கூசுக்கு இருபது படி இறங்கவேண்டிய லயத்தில், சம்பளமில்லாத வாரங்களில், எந்தக் கொழுந்துக்காரி காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள்? டாக்டர் தைத்ததைப் பசி பிரிக்கிறது.

வேலையில் பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கை கால் போனால்தான் நட்டஈடு என்று பலர் நினைக்கிறார்கள். தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனாலும் அது பொருந்தும். ஆனால் காயம் வேலையில் பட்டது என்பதற்கு எழுத்து வேண்டும். "வீட்டில் விழுந்தாள்" என்று டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்துத் தலைவர்மார் கவனிக்க: காயம் பட்ட அன்றே நாள், மலை, வேலை மூன்றையும் டிஸ்பென்சரியில் பதிவு செய்யுங்கள். எலும்போ தசைநாணோ தெரிந்தால் மருந்து கட்டிக்கொண்டு காத்திராமல் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாகனம் தோட்டம் தரவேண்டும். டாக்டர் எழுதிய ஓய்வு நாட்களுக்குச் சம்பளமும், திரும்பி வருபவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலையும் வேண்டும் என்று கம்பனிகளிடம் கேட்கப்போகிறோம். அதற்கு உங்கள் தோட்டத்தில் கடந்த ஒரு வருடத்தில் இப்படிக் காலில் காயப்பட்டவர்களின் விபரம் தேவை. இந்த மாதக் கடைசிக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள்.