டிரைவ் பேசலன்னா உடனே டிரைவை மாத்தாதீங்க

ராத்திரி ரெண்டு மணிக்கு கொழுந்து வாட்டுற மாடியில காற்றாடி நின்னா என்ன ஆகும்னு ஸ்டோர்ல வேலை செஞ்ச யாரையாவது கேட்டுப் பாருங்க. பகல் முழுக்க மலையில் பறித்த கொழுந்து தொட்டி தொட்டியாகப் பரப்பிக் கிடக்கிறது. அடியிலிருந்து காற்று வராவிட்டால் கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து, விடியும்போது சிவந்திருக்கும். அப்புறம் அதில் நல்ல தேத்தண்ணியை எதிர்பார்க்க முடியாது.

தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில் (பேர் வேண்டாம்) வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடந்தது. காற்றாடி மோட்டார்களுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பூட்டியிருந்தார்கள். நல்ல யோசனைதான். காற்றாடியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எட்டு டிரைவையும் ஒரு சோடி வயரில் கோர்த்து, கீழே இருக்கும் கொன்ட்ரோல் பெட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிரச்சினை ஐந்தாவது டிரைவில். திடீரென்று அதன் திரையில் 'தொடர்பு இல்லை' என்ற அர்த்தத்தில் ஒரு குறி மினுங்கும், காற்றாடி நின்றுவிடும்.

கொழும்பிலிருந்து ஆள் வந்து டிரைவை மாற்றினார், பில்லும் வந்தது. நாலு நாளில் புது டிரைவிலும் அதே குறி.

இத்தனைக்கும் அந்த ஸ்டோர் எலக்ட்ரீசியன் அண்ணன் முதல் வாரமே சொல்லியிருக்கிறார்: "ட்ரையர் மோட்டர் ஓடத் தொடங்குற நேரந்தான் இது நிக்குது." அவர் சொன்னது தமிழில், வந்தவர் எழுதியது இங்கிலீஷில். ரிப்போர்ட்டில் அந்த வாக்கியம் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அந்த ஒரு இடத்தில்தான்.

என் வாதம் சின்னது. திரையில் வரும் குறி, யார் பேசாமல் போனதைக் கவனித்தார் என்று மட்டும்தான் சொல்லும். யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று சொல்லாது. வயர் அறுந்திருக்கலாம், எதிர்ப்பக்கம் கரண்ட் இல்லாமல் இருக்கலாம், நடுவில் இரைச்சல் புகுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் அதே குறிதான் வரும். அந்தக் குறியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பெட்டியை மாற்றுவது, சண்டையைப் பார்த்து விசில் அடித்தவனைப் பிடித்து உள்ளே போடுகிற மாதிரி.

நான் இதைப் படித்தது ஸ்டோரில் இல்லை, பியகமப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். அங்கே மூட்டை அடுக்க ஒரு ரோபோ இருந்தது. என்விகியூ 4 சான்றிதழோடு போனவன் நான். மோட்டர் வைண்டிங் தெரியும், ஸ்டார்ட்டர் தெரியும். ரோபோவின் மூளையும் டிரைவும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆறு மூட்டு உள்ள கைக்கு ஆறு மோட்டர். எந்த மோட்டர் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கொன்ட்ரோலர் ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை டிரைவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு மூட்டுக்கு மட்டும் செய்தி போகாவிட்டால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தொடர்பு அறுந்தவுடன் ரோபோ மோட்டருக்கு கரண்டை வெட்டி பிரேக் போடுகிறது. ஃபனுக் ரோபோக்களில் இந்தப் பேச்சு ஒளி இழை வழியாகப் போகும். அது அறுந்தால் எஸ்ஆர்விஓ-057 என்ற அலாரம் வரும். குகாவின் கேஆர்சி4 கொன்ட்ரோலரில் ஈதர்கேட், அதாவது ஒரே செய்தி எல்லா டிரைவையும் வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர்தான் வேறு, சங்கிலி ஒன்றுதான்.

எங்கள் ரோபோ நின்றபோது அலாரம் டிரைவைத்தான் காட்டியது. புது டிரைவுக்கு ஓர்டர் போட்டு இரண்டு வாரம் காத்திருந்தோம். வந்ததைப் பூட்டினால், அதே அலாரம். கடைசியில் வயதான ஒரு சிங்கள அண்ணன் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மல்லி, அந்த டிரைவில லைட் எரியுதா?" எரியவில்லை. டிரைவுக்குப் போக வேண்டிய 24 வோல்ட் வரவேயில்லை. ஒரு ஃபியூஸ் போயிருந்தது. வாய் பேசாதவன் என்று நினைத்தோம், ஆள் மயங்கிக் கிடந்திருக்கிறான்.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் லைட்டைப் பார். அடுத்து அலாரப் பட்டியலில் கடைசியாக வந்ததை விட்டுவிட்டு முதலில் வந்ததைப் பார், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்த அழுகை. பிறகு பிளக், கேபிள், வளைவு. ஒளி இழையை இறுக்கி மடித்துக் கட்டினால் வெளிச்சம் போகாது. கதவு இடுக்கில் நசுங்கிய இழையை நானே பார்த்திருக்கிறேன். ஈதர்கேட் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை பிழை என்ற எண்ணிக்கை இருக்கும். அந்த எண் எங்கே ஏறத் தொடங்குகிறதோ அதற்கு முந்தின கேபிளைப் பிடி. பெட்டியை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. இன்னொன்று, மெயினை அணைத்த பிறகும் டிரைவுக்குள் உள்ள கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்கு சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும். கையேட்டில் போட்டிருக்கும் நிமிஷக் கணக்கு முடியாமல் கை வைக்காதீங்க.

"இவ்வளவு யோசிக்கிற நேரத்துல மாத்திட்டுப் போயிடலாமே" என்று என் நண்பர்களே சொல்வார்கள். உதிரி டிரைவ் அலுமாரியில் இருந்தால் சரி, மாற்றுங்கள். ஆனால் அதை ஒரு கேள்வியாக மாற்றுங்கள். ஐந்தாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றி, அதனதன் இலக்கத்தையும் செட்டிங்கையும் சரியாகப் போட்டுவிட்டுப் பாருங்கள். கோளாறு டிரைவோடு ஆறாவது இடத்துக்குப் போனால் குற்றம் டிரைவில். ஐந்தாவது இடத்திலேயே நின்றால் குற்றம் அந்த இடத்தில். செலவு ஒரு சதமும் இல்லை.

பொங்கல் லீவில் வந்தபோது அந்த அண்ணனோடு ஸ்டோருக்குப் போனேன். டிரைவ்களைக் கோர்த்த வயர், ட்ரையர் மோட்டருக்குப் போகும் தடித்த கேபிளோடு ஒரே குழாய்க்குள் ஐந்தாவது டிரைவ் வரைக்கும் போகிறது. அந்த மோட்டரும் டிரைவில் ஓடுவதுதான். டிரைவ் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த இரைச்சல் பக்கத்தில் போகும் மெல்லிய வயருக்குள் புகுந்துவிடும். இந்தச் சோடி வயர் முறைக்கு ஆர்எஸ்-485 என்று பேர். 1200 மீற்றர் வரை ஓடக்கூடியது, ஆனால் முறையாக இழுத்திருக்க வேண்டும். ரெண்டு முனையிலும் 120 ஓம் தடை இருக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். எங்களுக்குக் காட்டியது 120 பக்கம். ஒரு முனையில் தடையே இல்லை. வயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலை எர்த் பண்ணாமல் வெட்டி விட்டிருந்தார்கள்.

வயரைத் தனிக் குழாயில் இழுத்தோம். தடை போட்டோம். பின்னலை எர்த் பண்ணினோம். மூன்றையும் ஒரே நாளில் செய்ததால் எது குணப்படுத்தியது என்று எனக்குத் தெரியாது. ஒன்றொன்றாகச் செய்யணும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். கொழுந்து வந்துகொண்டிருந்தது, என்ன செய்ய.

இன்னொன்றையும் மாற்றினோம். தொடர்பு போனால் காற்றாடி நிற்க வேண்டும் என்று டிரைவில் செட் பண்ணியிருந்தது. ரோபோவுக்கு அது சரி. கொழுந்து வாட்டுற காற்றாடிக்கு எதற்கு? ஒரு நிமிஷம் செய்தி வராவிட்டால் இருந்த வேகத்திலேயே ஓடட்டும், மணி அடித்து ஆளைக் கூப்பிடட்டும். ஆளை நிறுத்தும் அவசர ஸ்விட்ச் தனி வயரில் இருக்கிறது, அதைத் தொடவில்லை. இந்தச் செட்டிங்கை யோசித்து வைத்தவர் யாருமில்லை, பெட்டியோடு வந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்ம செயின்ட் கூம்ஸில்தான் இருக்கிறது. 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை டவுனை ஒட்டியே நிற்கிறது. இந்த ஊருக்கு மெஷின் புதுசில்லை. ஆனால் நான் திறந்த எந்தப் பெட்டிக்குள்ளும் தமிழில் ஒரு குறிப்பைப் பார்த்ததில்லை. பியகமவிலும் கட்டாரிலும் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் இதையெல்லாம் கையால் கற்றுக்கொண்டு, லீவில் வந்து கதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். இலக்கணம் பார்க்க வேண்டாம். எந்த மெஷின், என்ன குறி, அப்போது வேறென்ன ஓடியது, கடைசியில் எது காரணம். நாலு வரி போதும்.

அந்த ஸ்டோரில் கொன்ட்ரோல் பெட்டிக் கதவின் உள்பக்கம் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி தொங்குகிறது. அண்ணனின் கையெழுத்தில் முதல் பக்கத்து முதல் வரி: "ட்ரையர் மோட்டர் ஓடத் தொடங்கும்போது 5 நிற்கிறது."